கேட்பு உண்டு, பதில் உண்டா?

புரியாத மொழியிலே ஒருவர் ஓத, பொருள் அறியாத இருவர் தலையசைக்க, அதற்குப் பெயர் திருமணமா என்று கேட்டது நமது இயக்கம். சம்மதம் என்றால் அது புரிந்து தந்த சம்மதமாக இருத்தல் வேண்டும். உறுதிமொழி என்றால் அது தருபவருக்கும் பெறுபவருக்கும் விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். எளிய உண்மைதான். ஆயினும், அந்த எளிய உண்மை தமிழ்நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு 1967ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க நேர்ந்தது.

மணமேடைக்குப் பொருந்தும் அந்த நீதி, மக்களுடைய உயிரும் கடலும் நிலமும் பேசப்படும் மேடைக்குப் பொருந்தாதா?

அப்படியொரு மேடை இருக்கிறது. 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்பது அதன் பெயர். ஆலையோ, சுரங்கமோ, அணு உலையோ வருமுன் அதனால் சுற்றுச்சூழலுக்கு நேரும் விளைவு என்ன என்று ஓர் அறிக்கை எழுதி, அந்த அறிக்கையை ஊரார் முன்வைத்து, "உங்கள் கருத்து என்ன?" என்று அரசு கேட்கும் மேடை அது. நாடகத்தைத் திறனாய்வு செய்பவர் முதலில் அதன் கதை உரையாடலைப் படிக்கிறார். பிறகு மேடையில் நடந்ததைப் பார்க்கிறார். நாமும் அம்முறையிலேயே செல்வோம்.

எழுத்திலே இருப்பது

மத்திய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே இந்த மேடையின் மூல ஏடு. அதற்கு முன் 1994ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று உண்டு. கருத்துக் கேட்பு கட்டாயமாக்கப்பட்டது 1997இல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது ஏடு. திட்டம் அமையும் இடத்திலோ அதன் அண்மையிலோ கூட்டம் நடக்கவேண்டும் என்கிறது. மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்கவேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உடனிருக்கவேண்டும். நடப்பது முழுவதும் படம் பிடிக்கப்படவேண்டும். எழுப்பப்பட்ட கேள்விகளைத் தொகுத்து, கூடியிருப்போர் முன் படித்துக் காட்டவேண்டும். குறை சொல்ல ஏதும் இல்லை. எழுதியவர்களுக்கு மக்கள் என்று சிலர் இருப்பது நினைவில் இருந்திருக்கிறது.

ஆனால், மேலும் படியுங்கள். கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்கவேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை ஏதும் தேவையில்லை என்கிறது அதே ஏடு. ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குக்கூட இத்தனை பேர் என்று விதி உண்டு. ஒரு வட்டாரத்தின் வருங்காலத்தைப் பேசும் கூட்டத்துக்கு அது வேண்டாமாம்! அறிக்கையின் சுருக்கம் மட்டுமே மாநில மொழியில் கிடைக்கவேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே வீற்றிருக்கலாம். அறிக்கையை எழுதுபவர் யார்? திட்டத்தைக் கொண்டுவருபவர் கூலி கொடுத்து அமர்த்திய ஆலோசகர். மக்கள் எழுப்பும் கேள்விக்கு விடை கூறுபவர் யார்? திட்டத்தைக் கொண்டுவருபவரே. அனுமதி தரும் அதிகாரபீடம், 'இந்தக் கேள்வியை இந்தக் காரணத்தால் ஏற்றேன், அந்தக் கேள்வியை அந்தக் காரணத்தால் தள்ளினேன்' என்று கேட்டவருக்கு எழுதித் தரவேண்டும் என்ற கட்டளை மட்டும் இல்லை.

பள்ளி ஆசிரியப் பணியில் இருப்பதால் எனக்கு ஓர் ஒப்புமை தோன்றுகிறது. தேர்வு நடத்துகிறோம், மேற்பார்வையாளர் நிற்கிறார், மணி அடிக்கிறது, விடைத்தாள்களை வாங்கிக் கட்டி முத்திரையிடுகிறோம். திருத்தவேண்டும் என்ற விதி மட்டும் இல்லை என்றால், அதற்குத் தேர்வு என்று பெயரிடுவோமா?

கூடங்குளத்தில் நடந்தது

இனி, மேடைக்கு வருவோம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் இந்தியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இடையே 1988 நவம்பர் 20 அன்று கையெழுத்தாயிற்று. முதல் இரண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி 1989இல் கிடைத்தது. அப்போது கருத்துக் கேட்பு என்ற விதியே இல்லை. ஆகவே யாரையும் கேட்கவில்லை.

பின்னர் என்ன ஆயிற்று? எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைச் சோவியத் நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்பது முதல் ஏற்பாடு. 1991இல் சோவியத் நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. பிறகு, அந்தக் கழிவு இங்கேயே இருக்கும் என்று முடிவு மாறிற்று. நிலையத்துக்கு வேண்டிய நன்னீரைப் பேச்சிப்பாறை அணையிலிருந்து கொண்டுவருவது என்ற ஏற்பாடு போய், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2004இல் ஆழிப் பேரலை வந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா வந்தது. இத்தனை மாறிய பிறகாவது 1989இல் கேட்காததை இப்போது கேளுங்கள் என்றனர் கரையோர மக்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரையில் சென்றது. 2013 மே 6 அன்று தீர்ப்பு வந்தது: விதி பிறப்பதற்கு முன்பே அனுமதி பெற்ற உலைகள் இவை, ஆதலால் கருத்துக் கேட்பு தேவையில்லை!

சட்டத்தின் நூலிழையைப் பிடித்துச் சென்றால் தீர்ப்புக்கு வழி இருக்கலாம். பாதுகாப்புக்காக 15 கட்டளைகளையும் அதே தீர்ப்பு இட்டது. போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் சொன்னது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், நீதியின் நோக்கில் நின்று கேட்கிறோம்: பிறந்த நாளின் காரணமாக ஒரு மனிதனுக்கு உரிமை மறுப்பதை எதிர்த்தவர்கள் நாம், பிறந்த நாளின் காரணமாக ஓர் உலைக்குச் சலுகை தருவதை எப்படி ஏற்பது?

அடுத்த உலைகளுக்குக் கருத்துக் கேட்பு நடந்தது. முன்பு குறித்த நாள் தள்ளிப்போன பிறகு, 2007 ஜூன் 2 அன்று நடந்தது. எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமித்துவைக்கும் கட்டடத்துக்காக 2019 ஜூலை 10 அன்று கூட்டம் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு எழுந்தது, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இடையில், 2011இலும் 2012இலும் இடிந்தகரையில் உண்ணாநோன்பு இருந்து, கடலில் இறங்கி நின்று கருத்துச் சொன்ன ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. கருத்துச் சொல் என்று ஒரு கை அழைக்கிறது. சொன்னால் துரோகி என்று மற்றொரு கை எழுதுகிறது. இரண்டும் ஒரே உடலின் கைகள்!

புதுப்பிக்கும்போது கேட்பது யார்?

இதுவரை சொன்னது பிறப்புச் சடங்கைப் பற்றி. உலை பிறந்து, வளர்ந்து, மூப்படையும் காலத்தில் நடப்பதுதான் நம்மவர் பலர் கவனிக்காத பகுதி.

அணு உலைக்கு உரிமம் என்பது ஒருமுறை தந்து முடிந்துவிடும் ஒன்றன்று. 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஓடும் உலைக்கு ஐந்தாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு உரிமம் தந்து, அதன் பிறகு புதுப்பித்துத் தருவதை முறையாகக் கைக்கொண்டு வந்திருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை விரிவான பாதுகாப்பு மறு ஆய்வும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்த ஆய்வு நடக்கும் அறையில் இருப்பவர்கள் உலையை நடத்துவோரும் வாரியத்தின் வல்லுநர்களும். மக்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. நிற்கவும் இடம் இல்லை. பிறப்பின்போது ஒருமுறை கேட்டதே — கேட்டிருந்தால் — வாழ்நாள் முழுமைக்கும் போதும் என்பது ஏற்பாடு.

போதுமா? கல்பாக்கத்தைப் பாருங்கள். அங்கே முதல் உலை 1984இலும், இரண்டாம் உலை 1986இலும் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப் பேரலை கரையேறியபோது, கடல்நீர் இறைக்கும் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பத்திரமாக நிறுத்தினர். நிறுத்திய பொறியாளர்களின் திறமையை மனமாரப் பாராட்டுவோம். ஆனால் பாடத்தையும் படிப்போம்: உரிமம் தந்த நாளில் இருந்த கடல் என்றும் அதே கடலாக இருப்பதில்லை. கரை மாறும், குடியிருப்பு பெருகும், மீன்பாடு மாறும், அறிவும் வளரும். அந்த மாற்றத்தை நாள்தோறும் கண்ணால் காண்பவர் கரையில் வாழ்பவர். உரிமத்தைப் புதுப்பிக்கும் நாளில் அவரைக் கேட்காமல் வேறு எவரைக் கேட்பது?

பிற நாடுகளில்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கால்வர்ட் கிளிப்ஸ் என்றோர் அணுமின் நிலையம் இருக்கிறது. சுற்றுச்சூழலை ஆய்ந்து பார்க்கும் கடமை தமக்கு முழுமையாக இல்லை என்பதுபோல் நடந்துகொண்ட அணுசக்தி ஆணையத்தின் மீது, குடிமக்கள் குழு ஒன்று வழக்குத் தொடுத்தது, 1971இல் வென்றது. அதே நிலையம்தான், 40 ஆண்டு உரிமத்தை மேலும் 20 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்ட முதல் நிலையமாக 2000ஆம் ஆண்டில் ஆயிற்று. அங்கே புதுப்பிப்பு என்றால் சுற்றுச்சூழல் அறிக்கை உண்டு. எதை ஆய்வது என்று தீர்மானிக்கும்போதே மக்கள் கூட்டம் உண்டு. வரைவு வந்த பிறகு மறுபடியும் கருத்துக் கேட்பு உண்டு. வந்த கருத்தையும் அதற்கு ஆணையம் தரும் பதிலையும் இறுதி அறிக்கையுடன் அச்சிடும் வழக்கமும் உண்டு.

அமெரிக்கா என்றவுடன் கைதட்டிவிடுவது அடிமைப் புத்தி. அங்கும் ஓட்டை உண்டு. எல்லா நிலையங்களுக்கும் பொதுவானவை என்று பல பொருள்களை ஒரே பொது அறிக்கையில் 1996இலேயே தீர்த்து வைத்தார்கள். ஆகவே தன் ஊரின் குறையைச் சொல்ல எழுபவரிடம், 'அது முன்பே முடிந்த பொருள்' என்று கூறிவிட முடிந்தது. ஆயினும், 60 ஆண்டைத் தாண்டி 80 ஆண்டு வரை உலையை ஓட்ட இந்தப் பழைய அறிக்கை பொருந்தாது என்று குடிமக்கள் அமைப்புகள் விடாமல் வாதிட்டன. 2022 பிப்ரவரியில், டர்க்கி பாயின்ட் நிலையத்தைப் பற்றிய வழக்கில், ஆணையமே தன் முந்தைய முடிவைத் திருத்திக்கொண்டு, ஆம், பொருந்தாது என்றது. கேள்வி கேட்டவர்கள் தேசத்துரோகிகள் ஆகவில்லை. அறிக்கைதான் திருத்தி எழுதப்பட்டது.

ஐரோப்பாவில், பெல்ஜியத்தின் டூல் நிலையத்தில் இரண்டு பழைய உலைகளுக்கு அந்நாட்டு மன்றம் மேலும் பத்தாண்டு ஆயுள் தந்தது. சுற்றுச்சூழல் ஆய்வும் மக்கள் பங்கேற்பும் இல்லாமல் அப்படித் தந்தது தவறு என்று 2019 ஜூலை 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. ஆயுளை நீட்டுவதும் ஒரு புதிய முடிவே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாம் கேட்பதும் இதைத்தான். இதற்கு அதிகமாக ஏதும் இல்லை.

பட்டாசு மண் சொல்லும் பாடம்

விருதுநகர் மாவட்டத்தில் இருந்துகொண்டு நெல்லைக் கடற்கரையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று கேட்கலாம். உரிமம், புதுப்பிப்பு என்ற சொற்களுக்கு எங்கள் வட்டாரம் உயிரை விலையாகக் கொடுத்துப் பொருள் கற்றிருக்கிறது என்பதால் பேசுகிறேன்.

2012 செப்டம்பர் 5. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டும் அல்லர். புகையைக் கண்டு உதவ ஓடிய ஊராரும் அதில் அடக்கம். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் சற்று முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளிவந்த செய்தி. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் மற்றொரு வெடிவிபத்து. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில், அறைகளோ பலருடைய உள்குத்தகையில் என்ற வழக்கம் அப்போது பேசப்பட்டது.

ஓர் அறையில் நால்வர் இருக்கவேண்டிய இடத்தில் எத்தனை பேர் அமர்ந்து மருந்து செலுத்துகிறார்கள் என்பது அங்கே வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தெரியும். ஆலையைச் சுற்றியுள்ள காட்டில் ஆடு மேய்ப்பவருக்கு, எந்த ஷெட் புதிதாக முளைத்தது என்று தெரியும். உரிமத்தைப் புதுப்பிக்கும் தாளுக்கு இவை தெரியா. தாளுக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிந்திருந்தும், ஊரைக் கேட்கும் வழக்கம் இல்லை. விபத்து நடந்த பின்னர்தான் கேட்கிறார்கள். அதுவும் பிணம் யாருடையது என்று அடையாளம் காட்ட!

பட்டாசு ஆலையும் அணு உலையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அளவும் வேறு, அறிவியலும் வேறு, காவலும் வேறு. அணு உலையின் காவல் பன்மடங்கு உறுதியானது. ஆனால், உரிமத்தைப் புதுப்பிக்கும் இடத்தில் ஊராரின் அறிவுக்கு இடமில்லை என்ற குறை இரண்டுக்கும் பொது. முதலிப்பட்டி எரிந்த ஐந்தாம் நாள், அதாவது 2012 செப்டம்பர் 10 அன்று, கூடங்குளம் கரையில் கூடிய மக்கள் மீது தடியும் கண்ணீர்ப் புகையும் பாய்ந்தன. மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். ஒரே வாரத்தில், ஓர் இடத்தில் கேட்காததால் சாவு. மற்றோர் இடத்தில் கேள் என்று சொன்னதற்குச் சாவு.

மக்களுக்கு என்ன தெரியும்?

"அணுவைப் பற்றி மீனவருக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் என்ன தெரியும்?" என்று கேட்கும் மேதாவிகள் இருக்கிறார்கள். வருத்தத்தோடு ஒன்று சொல்லவேண்டும்: நம்மவர்களிலேயே சிலர் அப்படிக் கேட்கிறார்கள். அணு என்பது அறிவியல், அறிவியலை எதிர்ப்பது மூடநம்பிக்கை, நாமோ பகுத்தறிவாளர், ஆகவே கேள்வி வேண்டாம் என்பது அவர்களுடைய வாதம்.

தோழர்களே, இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை வேறு இல்லை! கருவறைக்குள் நீ வராதே, மந்திரம் உனக்குப் புரியாது, நான் சொல்வதை நம்பு என்றவரை ஏன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெள்ளை அங்கி அணிந்தவர் அதையே சொன்னால் கைகட்டி நிற்கலாமா? அறிவியலின் உயிர், கேள்வியும் சான்றும். கேள்வியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடப்பது அறிவியல் ஆராய்ச்சி ஆகாது, பூசைதான். அதேபோல, சான்று கேட்காமல், 'உலை நாளையே வெடிக்கும்' என்று அச்சத்தை விற்பவரையும் நாம் ஏற்பதற்கில்லை. அச்சத்துக்கும் சான்று வேண்டும். அபயத்துக்கும் சான்று வேண்டும். அந்தச் சான்றை இரு தரப்பும் வைக்கவேண்டிய மேடைதான் கருத்துக் கேட்பு. அது பழுதுபட்டால் மிஞ்சுவது புரளியும் போலீசும்.

மக்களுக்குத் தெரியாது என்பவர்கள், தெரியவைக்கச் செய்தது என்ன? 2020இல் இந்த அறிவிக்கையையே மாற்றும் வரைவு வந்தது. கருத்துச் சொல்லும் முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்க முனைந்தது அந்த வரைவு. எந்த மொழியில் வந்தது? இந்தியில், ஆங்கிலத்தில். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடுக என்று டில்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று ஆணையிட்டது. மத்திய அரசு என்ன செய்தது? மொழிபெயர்க்க உட்கார்ந்ததா? இல்லை, மாட்டோம் என்று உச்சநீதிமன்றத்தின் படியேறியது! கருத்துக் கேட்பைப் பற்றிய சட்டத்தையே தமிழன் தமிழில் படிக்கக்கூடாது என்றால், அந்தக் கேட்பின் யோக்கியதை என்ன?

அதோடு நிற்கவில்லை. 2025 செப்டம்பரில், அணுக் கனிமம் முதலியவற்றின் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று குறிப்பாணை வந்தது. தென்கரை மணலை நினைவூட்டித் தமிழ்நாட்டு முதலமைச்சர் எதிர்த்து எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம், 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, தனியார் கம்பெனிகளுக்கும் அணுமின் துறையின் கதவைத் திறந்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்தது; அது நல்லதே. ஆனால், அரசு நடத்திய காலத்திலேயே கேட்காத காது, இலாபம் நடத்தும் காலத்தில் தானாகக் கேட்குமா?

வேண்டுவன

நாம் வேண்டுவன நான்கே. முழு அறிக்கையும் தமிழில் வேண்டும், சுருக்கம் போதாது. உலையின் உரிமத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், சுற்றுச்சூழல் நிலையைப் புதிதாக ஆய்ந்து மக்கள் முன் வைக்கவேண்டும். எழுப்பப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும், முடிவெடுக்கும் அதிகாரபீடமே காரணத்தோடு எழுத்தில் பதில் தரவேண்டும். கேள்வி கேட்டதற்காக எவர் மீதும் வழக்கு வரலாகாது. இவற்றுள் எதுவும் உலையை மூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல உலை என்றால் நல்ல பதிலோடு நிற்கட்டும்!

விருதுநகர் மண்ணில் சங்கரலிங்கனார் 12 கோரிக்கைகளை வைத்து 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். எவரும் தக்க பதில் சொல்லவில்லை. அக்டோபர் 13 அன்று மாண்டார். அவர் கேட்டவற்றுள் ஒன்றான 'தமிழ்நாடு' என்ற பெயருக்குச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது 1967 ஜூலை 18 அன்று. ஒரு விண்ணப்பத்துக்கு ஓர் உயிரும் பதினோராண்டும் விலை! மக்கள் கேட்டால் பதில் சொல்லும் கடமை ஆட்சிக்கு உண்டு என்பதை எழுத்தில் பொறிக்காத நாட்டில் அந்த விலை மீண்டும் மீண்டும் கொடுக்கப்படும்.

ஆகவே இளைஞர்களே, நாளேட்டின் ஓரத்தில் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' என்ற சிறு விளம்பரத்தைக் கண்டால் புரட்டிவிடாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று அறிக்கையைக் கேளுங்கள். படிப்பகத்தில் நால்வர் கூடி உட்கார்ந்து தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். மீனவரும் ஆலைப் பெண்ணும் கண்டதைக் கேட்டு எழுதுங்கள்; கண்டதை மட்டும் எழுதுங்கள். கேள்வியை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால், அடுத்த வாரம் மறுபடியும் கொடுங்கள்.